இருக்க வேண்டும் என்று விரும்பினேன்

ஆராய்ச்சி செய்பவர் முடிவு இப்படித்தான் வர வேண்டும் என்று ஆசைப்படக் கூடாது என்பார்கள். நான் ஆசைப்பட்டேன். முனைவர் பட்டத்துக்காக லேப்பில் கிடந்த காலம் முழுக்க, ஒரு விஷயம் உண்மையாக இருக்க வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேதான் அதை அளந்தேன். என் வழிகாட்டியிடம் இதைச் சொன்னதில்லை. தீசிஸில் இதற்கெல்லாம் இடம் கிடையாது. இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். என்னிடம் புராஜெக்ட் செய்ய வரும் பிள்ளைகளின் முகத்திலும் அதே ஆசை தெரிகிறது. அதனால்தான் இதை எழுதத் தோன்றியது.

நான் அளந்தது தாமிரம். சுத்தத் தாமிரம் அல்ல, நூறு அணுவில் ஐந்து மாங்கனீஸாக இருக்கும் தாமிரம். மாங்கனீஸ் அணு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்தம். அதைத்தான் ஸ்பின் என்கிறோம். அறை வெப்பநிலையில் இந்த ஸ்பின்கள் ஓயாமல் திசை மாறிக்கொண்டிருக்கும். குளிர்வித்துக்கொண்டே போனால், ஏறக்குறைய 28 கெல்வினில், அதாவது பூஜ்யத்துக்கும் கீழே 245 டிகிரி செல்சியஸை ஒட்டி, அவை உறைந்துவிடும். இரும்பில் நடப்பதுபோல எல்லாம் ஒரே திசையைப் பார்த்து உறைவதில்லை. ஆளுக்கொரு பக்கம் பார்த்தபடி அப்படியே நின்றுபோகும். கூட்டிப் பார்த்தால் மொத்தக் காந்தம் பூஜ்யம். இந்த வகைப் பொருளுக்கு ஸ்பின் கிளாஸ் என்று பெயர்.

கேள்வி இதுதான். அந்த உறைதல் உண்மையான நிலைமாற்றமா, வெறுமனே மெதுவாகிப் போவதா? இரும்பை 770 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கினால் அதன் காந்தத்தன்மை போய்விடும். அது ஒரு புள்ளி. இந்தப் பக்கம் ஒரு நிலை, அந்தப் பக்கம் வேறொரு நிலை. நீங்கள் ஒரு மணி நேரம் காத்திருந்தாலும் ஒரு மாதம் காத்திருந்தாலும் அந்தப் புள்ளி நகராது. உருகிய கண்ணாடி அப்படியல்ல. வேகமாக ஆறவிட்டால் ஓரிடத்தில் இறுகும், மெதுவாக ஆறவிட்டால் இன்னும் சற்றுக் கீழே இறுகும். எங்கே இறுகுகிறது என்பது நம் பொறுமையைப் பொறுத்தது. என் சாம்பிளின் அந்த 28 கெல்வின் இயற்கை போட்ட கோடா, என் கடிகாரம் போட்ட கோடா? இயற்கை போட்டதாக இருக்க வேண்டும் என்று விரும்பினேன்.

ஏன் விரும்பினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் எதற்கும் இன்ன நாள் என்று ஒரு கோடு இருந்ததில்லை. அப்பாவுக்கு மறதி நோய். எந்த நாளிலிருந்து என்று யாராலும் சொல்ல முடியவில்லை. முதலில் சாவி வைத்த இடம் மறந்தது, பிறகு தெருப் பெயர்கள், பிறகு நாங்கள். அம்மா கடைசிவரை, “தீபாவளிக்கு முன்னாடிதான்” என்பார்கள். அண்ணன் இல்லை என்பான். கொஞ்சம் கொஞ்சமாக நடப்பவற்றின் மேல் எனக்கு ஒரு கோபம் இருந்தது. உலகத்தில் எங்காவது ஒன்று, ‘இதற்கு முன் இல்லை, இதற்குப் பின் உண்டு’ என்று தெளிவாகச் சொல்லட்டும் என்று இருந்தது. ஸ்பின் கிளாஸ் என்ற தலைப்பு தற்செயலாகத்தான் என் கைக்கு வந்தது. ஆசை ஏற்கெனவே எனக்குள் இருந்தது.

இந்தத் தாறுமாறான உறைதலுக்குக் காரணம், தாமிரத்துக்குள் ஓடித் திரியும் எலெக்ட்ரான்கள். மாங்கனீஸ் அணுக்கள் ஒன்றையொன்று பாதிப்பது அவற்றின் வழியாகத்தான். 1950களில் ரூடர்மன், கிட்டல், கசுயா, யோசிடா ஆகியோர் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். இரண்டு அணுக்களுக்கு இடையே இவ்வளவு தூரம் என்றால் ‘ஒரே திசையில் நில்’ என்று கட்டளை. கொஞ்சம் தள்ளி இருந்தால் ‘எதிர்த் திசையில் நில்’. இன்னும் தள்ளினால் மறுபடி ஒரே திசை. தூரம் கூடக் கூட, அதன் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் வலு குறையும். மாங்கனீஸ் அணுக்களோ உலோகம் இறுகியபோது எங்கெங்கோ மாட்டிக்கொண்டவை. ஆகவே ஒவ்வொரு ஸ்பின்னுக்கும் நாலா திசையிலிருந்தும் முரணான கட்டளைகள்.

கல்யாணப் பந்தியில் எதிரெதிரே இரண்டு வரிசை இலை போட்டிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரோடு ஒருவர் பேச்சுவார்த்தை இல்லாத மூன்று பங்காளிகள் வருகிறார்கள். மற்றவன் உட்காரும் வரிசையில் உட்கார மாட்டேன் என்று மூவருமே சொல்கிறார்கள். எப்படி உட்கார வைத்தாலும் இரண்டு பேர் ஒரே வரிசையில் வந்தே தீருவார்கள். யாருடைய மனவருத்தத்தைச் சம்பாதிப்பது என்பதை மட்டும்தான் நாம் தேர்ந்தெடுக்கலாம். ஜெரார் தூலூஸ் 1977இல் இந்த முடிச்சை ஸ்பின் கிளாஸின் மையமாக எடுத்துக் காட்டினார். என் சாம்பிளில் இப்படிப்பட்ட முடிச்சுகளுக்கு எண்ணிக்கையே கிடையாது. ஒவ்வொன்றும் பக்கத்து முடிச்சோடு பின்னியது. ஒன்றை அவிழ்த்தால் இன்னொன்று இறுகும். அதனால்தான் ஏறக்குறைய ஒரே ஆற்றல் உள்ள அமைப்புகள் எக்கச்சக்கமாக இருக்கின்றன. அவற்றில் எதன் ஆற்றல் மிகக் குறைவு என்று முப்பரிமாண மாடலில் தேடுவது, கணினிக்குத் தெரிந்த மிகக் கடினமான கணக்கு வகைகளில் ஒன்று. 1982இல் பராஹோனா இதை நிறுவினார்.

சாம்பிள் செய்வதே தனி வேலை. தாமிரத் துண்டையும் மாங்கனீஸ் சில்லுகளையும் எடை போட்டு, அடியில் தண்ணீர் ஓடும் செப்புத் தட்டின் குழியில் வைத்து, காற்றை இறைத்துவிட்டு ஆர்கான் நிரப்பி, மின்வில்லால் உருக்குவோம். கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்தால் குழிக்குள் ஒரு குமிழ் நடுங்கிக்கொண்டு நிற்கும். மாங்கனீஸ் சீக்கிரம் ஆவியாகிவிடும் என்பதால் எடையில் கொஞ்சம் கூட்டியே வைக்க வேண்டும். குமிழைத் திருப்பிப் போட்டுத் திருப்பிப் போட்டு உருக்கினால்தான் உள்ளே சமமாகக் கலக்கும். பிறகு குவார்ட்ஸ் குழாயில் காற்றில்லாமல் அடைத்து, நாள்கணக்கில் ஃபர்னஸில் வைத்திருந்து, சிவக்கச் சிவக்க எடுத்துத் தண்ணீரில் போட்டுக் குழாயை உடைப்போம். மெதுவாக ஆறவிட்டால் மாங்கனீஸ் அணுக்கள் தங்களுக்குள் இடம் பார்த்து ஓர் ஒழுங்குக்கு வரத் தொடங்கும். எங்களுக்கு வேண்டியது ஒழுங்கில்லாத சிதறல். இதில் அலட்சியமாக இருந்தால் அப்புறம் எத்தனை நுட்பமாக அளந்தும் பயனில்லை.

அளவீடு இப்படி. ஒரு காயிலில் மெல்லிய மாறுமின்னோட்டம் விட்டால் சின்னக் காந்தப் புலம் எழும். அதற்குள்ளே எதிரெதிர்த் திசையில் சுற்றிய இரண்டு காயில்கள். ஒன்றில் சாம்பிள், மற்றது காலி. இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ள, மிச்சம் வருவது சாம்பிளின் குரல் மட்டும். அதை லாக்-இன் ஆம்ப்ளிஃபயர் படிக்கும். புலத்துக்குச் சாம்பிள் எவ்வளவு இணங்குகிறது என்ற இந்த அளவுக்குக் காந்த ஏற்புத்திறன் என்று பெயர். வெப்பநிலையைக் குறைக்கக் குறைக்க அது ஏறும். ஏறிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் கூரிய முனை ஒன்றைக் காட்டிவிட்டு இறங்கும். கனெல்லா, மைடாஷ் இருவரும் தங்கம்–இரும்புக் கலவையில் இந்த முனையைக் கண்டு 1972இல் வெளியிட்டார்கள். அவர்கள் பயன்படுத்தியது சில காஸ் அளவுள்ள சிறிய புலம். பெரிய புலம் வைத்தால் முனை மழுங்கி மேடாகிவிடும். அதற்கு முன் பலரும் மேட்டைத்தான் பார்த்திருந்தார்கள்.

அந்த முனையை என் திரையில் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. சாம்பிளைக் குளிர்விக்கும் ஹீலியத்தை ஊற்றித் தரும் லேப் அண்ணன் அப்போது பக்கத்தில் இருந்தார். அந்த லேப்பில் எல்லாரைவிடவும் அதிக வருஷம் இருந்தவர் அவர். “என்னம்மா, வந்துருச்சா?” என்றார். வந்துவிட்டது என்றேன். “அப்ப சரி, லெவல் பாத்துக்க. பாதிக்குக் கீழ போயிருச்சு” என்று சொல்லிவிட்டு, ஆவியாகும் ஹீலியத்தைப் பிடித்துவைக்கும் பையைப் பார்க்கப் போய்விட்டார். எனக்கு என் கோடு கிடைத்துவிட்டது என்ற நிம்மதி. அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

அந்த நிம்மதி நீடிக்காது என்பது துறையில் எல்லாருக்கும் தெரிந்த கதை. நிலைமாற்றம் என்றால் வெப்ப ஏற்புத்திறனிலும் அந்த இடத்தில் ஏதாவது கூர்மை தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்போம். ஸ்பின் கிளாஸில் அந்த இடத்தில் ஒன்றுமே தெரியாது. அதற்கு மேலே ஓர் அகலமான மேடு மட்டும் இருக்கும். இரண்டாவது, முனை நகர்கிறது. மின்னோட்டத்தின் அதிர்வெண்ணைப் பத்து மடங்கு ஆக்கினால் என் சாம்பிளின் முனை ஏறக்குறைய அரை விழுக்காடு மேலே போகும். 28 கெல்வினில் அரை விழுக்காடு என்றால் 0.14 கெல்வின். சின்ன நகர்வுதான். ஒன்றோடொன்று தொடர்பில்லாத காந்தத் துகள்கள் தனித்தனியே மெதுவாகிப் போனால் இந்த நகர்வு பத்து விழுக்காட்டுக்கும் மேல் இருக்கும். ஆகவே என் பொருள் அவற்றைப் போல் இல்லை என்று சொல்லலாம். ஆனால் இரும்பின் புள்ளி இப்படி நகரவே நகராது. அந்த 0.14 கெல்வினை நான் வெறுத்தேன். அது காணாமல் போகட்டும் என்று தெர்மாமீட்டரை மறுபடி மறுபடி சரிபார்த்தேன். போகவில்லை.

எங்கே தேடுவது என்பதை மாற்றியவர்கள் சாம் எட்வர்ட்ஸும் பிலிப் ஆண்டர்சனும். 1975இல் கேம்பிரிட்ஜில் எழுதிய கட்டுரையில், ஸ்பின்கள் ஒரே திசையைப் பார்க்கின்றனவா என்று கேட்பதை அவர்கள் விட்டுவிட்டார்கள். அதற்குப் பதில், ஒரு ஸ்பின்னை இப்போது பார், வெகு நேரம் கழித்து மறுபடி பார், அது தன் பழைய திசையை நினைவில் வைத்திருக்கிறதா என்று கேட்டார்கள். எல்லா ஸ்பின்களிலும் இதைச் சராசரி எடுத்தால் ஓர் எண் கிடைக்கும். உயர்ந்த வெப்பநிலையில் அது பூஜ்யம், உறைந்த நிலையில் பூஜ்யம் அல்ல. பக்கத்து ஸ்பின்னோடு ஒப்பிடாமல் தன்னோடு தன்னை ஒப்பிடும் இந்த எண்தான் ஸ்பின் கிளாஸின் ஒழுங்கு. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது எளிய யோசனை மாதிரி இருக்கும். எனக்கு இன்றும் இது இயற்பியலில் நடந்த மிக அழகான காரியங்களில் ஒன்று.

நான் தமிழ் வழியில் படித்து வந்தவள். செமினாரில் வாய் திறக்க மாட்டேன். என் வழிகாட்டி எல்லார் முன்னாலும் என்னைக் கேள்வி கேட்டதே இல்லை. தனியே ஒரு கேள்வி கேட்பார், பதிலைக் கேட்டுக்கொண்டு போய்விடுவார். இரண்டு மூன்று மாதம் கழித்து அதே கேள்வியை அதே சொற்களில் கேட்பார். பக்கத்தில் இருப்பவரோடு ஒப்பிடாமல் என்னோடு என்னையே ஒப்பிடுகிறார் என்று புரிந்துகொள்ள எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று. இப்போது நானும் என் மாணவர்களிடம் அப்படித்தான் கேட்கிறேன்.

ஆனால் எட்வர்ட்ஸ்–ஆண்டர்சன் எண்ணை நேரடியாக அளக்கும் மீட்டர் எதுவும் கிடையாது. மறைமுகமான வழி ஒன்றைக் கோட்பாட்டாளர்கள் 1977இல் காட்டினார்கள். சாதாரணக் காந்தத்தில் நிலைமாற்றப் புள்ளியை நெருங்கும்போது கட்டுக்கடங்காமல் பெருகுவது காந்த ஏற்புத்திறனே. ஸ்பின் கிளாஸில் அது பெருகுவதில்லை, முனை காட்டுவதோடு சரி. பெருக வேண்டியது அடுத்த உறுப்பு. புலத்தை இரட்டிப்பாக்கினால் காந்தமாதல் சரியாக இரட்டிப்பாவதில்லை, கொஞ்சம் குறைகிறது அல்லவா? அந்தக் குறை புலத்தின் மும்மடியைப் பொறுத்தது. புள்ளியை நெருங்கும்போது கணக்கில்லாமல் பெரிதாக வேண்டியது அந்தக் குறைதான். 1980களில் பிரான்சில் பல குழுக்கள் தாமிரம்–மாங்கனீஸிலும் வெள்ளி–மாங்கனீஸிலும் இதை அளந்து காட்டின. உண்மையான நிலைமாற்றம் என்பதற்கு ஆய்வகங்களிலிருந்து கிடைத்த சான்றுகளில் இதைவிட வலுவான ஒன்று எனக்குத் தெரியாது.

நடைமுறையில் இதை அளக்க, ஓர் அதிர்வெண்ணில் புலத்தைக் கொடுத்துவிட்டு அதன் மூன்று மடங்கு அதிர்வெண்ணில் காது கொடுக்க வேண்டும். அங்கே வரும் சிக்னல் முதல் சிக்னலோடு ஒப்பிட மிக மிகச் சின்னது. என் ஆசை என்னை என்ன செய்யும் என்று நான் முதன்முதலில் பயந்தது இங்கேதான். ஏனென்றால் ஆம்ப்ளிஃபயரும் மும்மடங்கு அதிர்வெண்ணில் ஒரு சிக்னலைத் தானாகவே உண்டாக்கும். எந்தக் கருவியும் முழுக்க நேர்கோடாக நடந்துகொள்வதில்லை. நான் கேட்க விரும்பும் குரலை என் கருவியே எனக்குப் பேசிக் காட்டிவிடும்.

அதனால் எனக்கென்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். சாம்பிளை ஏற்றுவதற்கு முன்னால் காலிக் காயிலை முழு வெப்பநிலை எல்லைக்கும் ஓட்டுவேன். அடுத்து, அந்த எல்லையில் புலத்துக்கு நேர்விகிதத்தில் மட்டுமே இணங்கும் ஓர் உப்பை வைத்து ஓட்டுவேன். அதில் மூன்றாம் மடங்கு சிக்னல் வரவே கூடாது. அதன் பிறகுதான் தாமிரம்–மாங்கனீஸ். அதிலும் சிக்னல் வந்தவுடன் புலத்தை இரட்டிப்பாக்குவேன். மும்மடி விதி உண்மையானால் சிக்னல் எட்டு மடங்காக வேண்டும். ஆறு மடங்கோ பத்து மடங்கோ வந்தால் அந்த ஓட்டத்தைத் தள்ளிவிடுவேன். ஹீலியம் விலை தெரிந்தவர்களுக்கு இதன் வலி தெரியும். உடன் படித்தவர்கள், “உப்பை எதுக்கு ஒவ்வொரு தடவையும் ஓட்டுற?” என்று கேட்டார்கள். பழக்கம் என்று சொல்லிவிட்டேன். என் ஆசைக்குக் கட்டிய வேலி அது என்று எப்படிச் சொல்வது?

சிக்னல் வளர்ந்தது. மேலிருந்து புள்ளியை நெருங்க நெருங்க எட்டு மடங்குச் சோதனையில் தேறியபடியே வளர்ந்தது. மிக அருகில் போனதும் வளர்ச்சி நின்று வளைந்தது. அதிர்வெண்ணைக் குறைத்தால் இன்னும் கொஞ்சம் அருகே போய் வளைந்தது. எந்த அளவு குறைத்தாலும் வளையத்தான் செய்யும், ஏனென்றால் புள்ளியில் ஸ்பின்கள் எடுத்துக்கொள்ளும் நேரம் எல்லையில்லாமல் நீள்கிறது, எனக்கோ ஹீலியம் தீரும்வரைதான் நேரம். வளைவுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால் அவை எதை நோக்கி ஏறுகின்றன என்று தெரிந்தது. கணினி வழியாக 1985இல் ஒகியெல்ஸ்கி, மார்கன்ஸ்டர்ன் ஆகியோரும், பட், யங் ஆகியோரும் முப்பரிமாண எட்வர்ட்ஸ்–ஆண்டர்சன் மாடலில் நிலைமாற்றம் உண்டு என்பதற்கு நல்ல சான்று கொடுத்திருந்தார்கள். ஒகியெல்ஸ்கி இதற்கென்றே பெல் லேப்ஸில் தனிக் கணினி ஒன்றைப் பயன்படுத்தினார். அந்த மாடலில் ஸ்பின் மேலே அல்லது கீழே மட்டும் பார்க்கும். என் மாங்கனீஸ் ஸ்பின் எந்தத் திசையையும் பார்க்கலாம். அந்த வகைக்கு வாதம் இன்னும் நீண்டது. ஜப்பானின் கவமுரா, ஸ்பின்களைவிட அவை திரும்பியிருக்கும் வலம்–இடம் முறுக்குதான் முதலில் உறைகிறது என்றே ஒரு கருத்தை முன்வைத்தார்.

லீவுக்கு ஊருக்குப் போனால் அம்மா கேட்பார்கள். “ஏட்டி, அந்தச் செம்புத் துண்டு என்னத்துக்கு ஆகும்?” அம்மா கேட்டதில் கேலி இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்கள். என்னிடம் தயார்ப் பதில்கள் இருந்தன. ஸ்பின் கிளாஸ் கணக்கில் இறங்கியவர்களில் ஒருவரான ஸ்காட் கிர்க்பாட்ரிக்தான் 1983இல் ஜெலாட், வெக்கி இருவரோடும் சேர்ந்து, உலோகத்தைப் பதமாக ஆறவிடுவதுபோல் கணினியில் ஆறவிட்டு, சிப்புகளில் பாகங்களை அடுக்கும் சிக்கலைத் தீர்க்க வழி சொன்னார். ஜான் ஹாப்ஃபீல்ட் 1982இல் நினைவாற்றலுக்கு ஒரு மாடல் கொடுத்தபோது அதன் கணக்கு ஸ்பின் கிளாஸின் கணக்காகத்தான் இருந்தது. 2024இல் அவருக்கு நோபல் பரிசும் வந்தது. இதெல்லாம் உண்மை. உதவித்தொகைக்கான விண்ணப்பத்திலும் இதைத்தான் எழுதினேன், இன்று கேட்டாலும் இதைத்தான் சொல்வேன். ஆனால் நான் இரவெல்லாம் விழித்திருந்தது இவற்றுக்காக அல்ல. ஒரு சின்ன உலோகத் துண்டுக்குள் அந்தப் புள்ளி உண்மையிலேயே இருக்கிறதா என்று தெரிந்தாக வேண்டும் என்பதற்காக மட்டும்தான். இதை அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். அம்மாவுக்குப் புரிந்திருக்கும்.

புள்ளி உண்டு என்று மனம் அமைதியான சமயத்தில்தான் அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்று பார்க்கத் தொடங்கினேன். 1983இல் ஸ்வீடனின் உப்சாலாவில் லண்ட்கிரன், நோர்ட்பிளாட் முதலியோர், உறைந்த ஸ்பின் கிளாஸுக்கு வயதாகிறது என்று கண்டார்கள். உறைய வைத்துவிட்டு ஐந்து நிமிஷம் காத்திருந்து அளந்தால் ஒரு பதில், ஐந்து மணி நேரம் காத்திருந்து அளந்தால் வேறு பதில். அது சமநிலைக்கு வருவதே இல்லை. 1998இல் பிரான்சும் உப்சாலாவும் சேர்ந்து செய்த சோதனை இன்னும் விசேஷம். குளிர்வித்துக்கொண்டே போகும்போது நடுவில் ஒரு வெப்பநிலையில் சில மணி நேரம் நிறுத்துகிறார்கள். பொருள் அங்கே மூப்படைகிறது. மறுபடி குளிர்வித்தால், நிறுத்தியதே தெரியாததுபோல் இளமையாகிவிடுகிறது. ஆனால் திரும்பச் சூடாக்கிக்கொண்டு வரும்போது, எங்கே நிறுத்தினார்களோ அந்த வெப்பநிலையில் சரியாக ஒரு பள்ளம்.

அதை நானும் செய்து பார்த்தேன். புலமில்லாமல் குளிர்வித்து, 20 கெல்வினில் நிறுத்தி, இரவு முழுக்கக் காத்திருந்து, பிறகு கீழே போய், சின்னப் புலம் கொடுத்துச் சூடாக்கினேன். இந்த வளைவிலிருந்து, நிறுத்தாமல் ஓட்டிய வளைவைக் கழித்தேன். 20 கெல்வினில் பள்ளம். 15 கெல்வினிலும் சேர்த்து நிறுத்தினால் இரண்டு பள்ளங்கள், தனித்தனியாக. 28 கெல்வினைத் தாண்டிச் சூடாக்கினால் எல்லாம் அழிந்துபோகும், மறுபடி புதிதாகத் தொடங்கலாம்.

எனக்கு இது பெரிய இடி. இயற்கையா கடிகாரமா என்று நான் இத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். கோடு இயற்கை போட்டதுதான். ஆனால் கோட்டைத் தாண்டி உள்ளே போனால் அங்கே எல்லாமே கடிகாரம். எவ்வளவு நேரம், எந்த வெப்பநிலையில், எந்த வரிசையில் என்பதைச் சொல்லாமல் அங்கே எந்த எண்ணுக்கும் அர்த்தமில்லை. நான் விரும்பியதும் உண்மை, நான் வெறுத்ததும் உண்மை, இரண்டும் ஒரே துண்டுக்குள் இருந்தன. அப்பாவைப் பற்றிய என் கோபம் இதற்குப் பிறகு எப்படிக் குறைந்தது என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை. குறைந்தது.

கோட்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதில் கோட்பாட்டாளர்கள் நாற்பது வருஷமாக இரண்டு பக்கம் நிற்கிறார்கள். ஒவ்வொரு ஸ்பின்னும் மற்ற எல்லா ஸ்பின்னோடும் தொடர்புள்ள மாடலை 1975இல் ஷெரிங்டனும் கிர்க்பாட்ரிக்கும் எழுதித் தீர்த்தார்கள். தீர்வில் பூஜ்ய வெப்பநிலையில் என்ட்ரோபி பூஜ்யத்துக்கும் கீழே போயிற்று. மேல்–கீழ் ஸ்பின்களுக்கு அது நடக்கவே முடியாத காரியம். 1978இல் டி அல்மைடாவும் தௌலஸும் அந்தத் தீர்வு நிலைக்காது என்று காட்டினார்கள். 1979இல் ஜோர்ஜோ பரிசி சரியான விடையைக் கண்டார். அவர் படத்தில் ஒன்றல்ல, எண்ணற்ற உறைந்த நிலைகள். அவை ஒரு வம்ச மரத்தின் கிளைகள்போல் உறவுகொண்டவை. கணித நிரூபணம் வர 27 வருஷம் ஆயிற்று. குவெர்ரா 2003இல் பாதி வழி கொண்டுவந்தார், தலக்ரான் 2006இல் முடித்தார். 2021இல் பரிசிக்கு நோபல் பரிசு. ஆனால் என் தாமிரம் முப்பரிமாணத்தில் இருக்கிறது. அங்கே ஒவ்வொரு ஸ்பின்னுக்கும் எல்லாரோடும் உறவு கிடையாது. ஃபிஷரும் ஹ்யூஸும் 1986இல் சொன்ன மாற்றுப் படத்தில், ஒரு ஜோடி நிலைகள் மட்டும்தான். சின்ன வெளிப்புலம் கொடுத்தாலே நிலைமாற்றம் அழிந்துவிடும். ஸ்பெயினின் சரகோசாவில் ஜேனஸ் என்ற தனிக் கணினியையே கட்டி ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறார்கள். முப்பரிமாணத்துக்கு இன்னும் தீர்ப்பு வரவில்லை.

எந்தப் பக்கம் என்று என்னைக் கேட்டால், மனம் பரிசியின் பக்கம் சாய்கிறது. அழகுக்காகச் சாய்கிறது. அது காரணமாகாது என்று தெரியும். ஆகவே புதுக் கட்டுரைகள் வந்தால் எதிர்ப்பக்கத்தாருடையதை முதலில் படிக்கிறேன், அதுவும் காலையில், மூளை தெளிவாக இருக்கும்போது.

எங்கள் கல்லூரியில் ஹீலியம் இல்லை. ஆனால் கம்ப்யூட்டர் லேப் இருக்கிறது, மாலையில் எல்லாரும் போனபின் எங்களுக்குத் தருவார்கள். இந்த வருஷம் எம்.எஸ்சி. மாணவி ஒருத்தி எட்வர்ட்ஸ்–ஆண்டர்சன் மாடலைப் புரோகிராமாக எழுதியிருக்கிறாள். ஸ்பின்களை அடுக்கிய ஒரே பெட்டியின் பல பிரதிகளை வெவ்வேறு வெப்பநிலைகளில் ஓட்டி, அவ்வப்போது இடம் மாற்றிக்கொள்ள விடும் முறை. 1996இல் ஹுகுஷிமாவும் நெமோட்டோவும் கொடுத்தது. நிலைமாற்றம் இருந்தால், ஸ்பின்களின் ஒத்திசைவு எட்டும் தூரத்தைப் பெட்டியின் அளவால் வகுத்து வரையும் வளைவுகள், எல்லாப் பெட்டி அளவுக்கும் ஒரே வெப்பநிலையில் வெட்டிக்கொள்ள வேண்டும். முப்பரிமாணத்தில் அந்த வெப்பநிலை, மாடலின் சொந்த அலகில், 1.1 அளவில் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவசரம் முகத்தில் அப்படியே தெரிந்தது. “மேம், நேரா மூணு டைமென்ஷன் போட்டுரட்டுமா?” என்றாள்.

முதலில் இரண்டு டைமென்ஷன் போடு என்றேன். அங்கே நிலைமாற்றம் கிடையாது. அவள் புரோகிராம் அங்கேயும் வெட்டுப்புள்ளி காட்டினால் அது எங்கேயும் காட்டும். ஒவ்வோர் ஓட்டத்தையும் இரண்டு விதமாகத் தொடங்கச் சொன்னேன், தாறுமாறான நிலையிலிருந்து ஒரு முறை, முன்பே ஆறவிட்ட நிலையிலிருந்து ஒரு முறை. இரண்டும் ஒரே எண்ணில் வந்து சேரும்வரை எந்த வளைவையும் வரையக் கூடாது. அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். செய்தாள். இரண்டு பரிமாணத்தில் வளைவுகள் பூஜ்யத்துக்கு மேல் எங்கேயும் வெட்டவில்லை. இப்போது மூன்றில் 4, 6, 8 அளவுப் பெட்டிகள் முடிந்திருக்கின்றன. 10 ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் இரண்டு தொடக்கங்களும் இன்னும் ஒன்று சேரவில்லை.